கீழ் இடது மூலை

போர்ட்டோவில் நாலு நாளாய் மழை.
ஏல நிறுவனத்திலிருந்து அழைத்தவள் பெயர் பெனெடிட்டா.
"நூற்றுப் பதினாலாம் எண். உங்களுடையதுதானா என்று
வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?"

முப்பத்தோரு வருடம் கழித்து
நான் பெற்றதை நானே அடையாளம் காட்ட
டிக்கெட் எடுத்து, பேருந்தில் நின்றுகொண்டே போனேன்.

மேசைமேல் கிடந்தது.
வெள்ளைக் கையுறை போட்ட விரல்கள் அதைத் தூக்கிய பதமாய்
என்னை ஒருவரும் தூக்கியதில்லை.

முதல் தாள், உடைமை வரலாறு:
ஓவியரிடமிருந்து நேரடியாகப் பெறப்பட்டது.
தனியார் சேகரிப்பு, போர்ட்டோ.
வாரிசு வழியாக இன்றைய உரிமையாளருக்கு.

நேரடியாக என்றால் இப்படி:
வலது கடைவாய்ப் பல், இரண்டு தடவை போக வேண்டும்,
கையில் காசில்லை.
டாக்டர் குயிந்தேலா என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு
"படம் போடுவீர்களாமே" என்றார்.
என்னால் பதில் பேச முடியவில்லை.
மறுநாள் மீன்கடைத் தாளில் சுற்றிக்கொண்டுபோய்
அவர் வரவேற்பறையில் சாத்தி வைத்தேன்.

தனியார் சேகரிப்பு என்றால்
மீன்தொட்டிக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில்.
கன்னம் வீங்கிய ஊர் முழுக்க
இருபது வருடம் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.
எந்த அருங்காட்சியகத்திலும் எனக்கு
அத்தனை கண்கள் வாய்த்திருக்காது.

தலைப்பில்லை, என்கிறது பட்டியல்.
இருந்தது. "வாடகைத் தேதி."
பின்பக்கம் எழுதியதை யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

கலப்பு ஊடகம், என்கிறது.
அது சரி. வாங்கிய நீலம் தீர்ந்துபோய்
சட்டைக்குப் போடும் சொட்டுநீலத்தைக் கரைத்து ஊற்றினேன்.

மதிப்பீடு: எட்டாயிரம் முதல் பத்தாயிரம் யூரோ.
"மதிப்பீடு வேறு, அடிவிலை வேறு," என்றாள் பெனெடிட்டா.
"அடிவிலை விற்பவருக்கும் எங்களுக்கும் நடுவில் ரகசியம்.
அதைத் தொடாவிட்டால் படம் வீடு திரும்பும்.
சுத்தியல் விழுவது ஒரு விலை.
எங்கள் கமிஷனும் சேர்த்து
வாங்குபவர் கட்டுவது இன்னொரு விலை."
பல்லுக்கு ஒரே விலைதான் இருந்தது, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

பிறகு நிலை அறிக்கை.
எழுதியவருக்கு நல்ல கண்.
மேல் விளிம்பில் முடி போன்ற வெடிப்புகள், வயதுக்கு ஏற்றவை.
வலது ஓரத்தில் ஈரத்தால் லேசான புடைப்பு.
கீழ் இடது மூலையில் பழுப்புக் கறை, பிறை வடிவம்,
தோற்றம் அறியப்படவில்லை.

ஆல்பெர்ட்டினா.

மத்தி டப்பா தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து
விளக்கைப் போடாமல்
என் பலகையை மேசை என்று நினைத்து
காபிக் கோப்பையை வைத்தாள்.
அன்று நான் கத்தியது மூன்று மாடிக்குக் கேட்டது.
வாரம் முடிவதற்குள் பெட்டியோடு போனாள்.
ஜெனீவா என்றார்கள்; அலுவலகம் கூட்டுகிறாள் என்றார்கள்.
பிறகு அதுவும் சொல்லவில்லை.

"செப்பனிடுபவர் ஒரு மதியத்தில் எடுத்துவிடுவார்,"
என்றாள் பெனெடிட்டா. "விலை கூடும்."

எத்தனையோ சொற்களை அன்று கற்றிருந்தேன்.
அவர்களுடைய சொல்லை எடுத்தே அவர்களிடம் சொன்னேன்:
அது கறை இல்லை. ஊடகம்.

அவள் பேனாவைத் திறந்தாள். திருத்தினாள்:
பலகையில் அக்ரிலிக், சொட்டுநீலம், காபி.
கீழே நான் கையெழுத்துப் போட்டேன்,
என்னுடையதுதான் என்று.
பாதிப் பொய்.

ஒன்பதாயிரத்தில் சுத்தியல் விழுந்தது.
மறுவிற்பனையில் ஓவியருக்கு நூற்றுக்கு நாலு, சட்டம்.
முந்நூற்றறுபது வந்தது, இரண்டு மாதம் தாமதமாக.
இப்போது இடது கடைவாய்ப் பல்.
கேப் போட முந்நூற்றைம்பது கேட்கிறார்
குயிந்தேலாவின் மகன்; படம் வேண்டாமாம்.

பத்து யூரோ மிச்சம், ஆல்பெர்ட்டினா.
இரண்டு காபிக்குத் தாராளம்.
கோப்பையை எங்கே வேண்டுமானாலும் வை.